திருகினால் தீரும் கோணல், திருகினாலும் தீராத கோணல்

கிச்சன் வேலை முடிந்துவிட்டது என்று ஆள் சொன்னதும், வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒன்று, கதவின் நிறமும் பளபளப்பும். இன்னொன்று, பக்கத்துப் பக்கத்துக் கதவுகளுக்கு நடுவே தெரிகிற சந்து. சந்து கோணலாக இருந்தால் சண்டை. நேராக இருந்தால் கடைசித் தவணையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் செலவழித்த வேலைக்கு இது போதாது. அதிலும், சண்டை போடுகிற அந்தச் சந்து பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் திருப்புளியால் சரியாகிவிடும். சரியே ஆகாத விஷயங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. அங்கே குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

என் அப்பா தச்சு வேலை செய்தவர். பலகையைத் தட்டிப் பார்க்கிற பழக்கமும், ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கிற பழக்கமும் அவரிடமிருந்து எனக்கு வந்தவை. சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும், ஃபிளாட் வாங்கினாலும், கிச்சனுக்குக் கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு எட்டு வந்து பார்க்கச் சொல்வார்கள். அப்படிப் போன இடங்களில் பார்த்ததையும் சொன்னதையும் ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மடிப்பாக்கத்தில் சித்தி மகள் வீட்டில் நடந்தது இது. நான் உள்ளே நுழையும்போதே அவள் கோபத்தில் இருந்தாள்.

"அக்கா, இந்த ரெண்டு கதவையும் பாரேன். மேல ஒட்டிக்கிட்டு இருக்கு, கீழ விரிஞ்சு கிடக்கு. இப்படி வெச்சா பணம் தர மாட்டேன்னு சொல்லிட்டேன்."

மாட்டிக்கொண்டிருந்த பையன் ஒன்றும் பேசாமல் நின்றான். "தம்பி, அந்தக் கீலைக் கொஞ்சம் திருகிக் காட்டுப்பா" என்றேன். கதவைத் திறந்து, மேல் கீலின் முன்பக்கத் திருகை ஒரு சுற்று, கீழ்க் கீலில் எதிர்ப்பக்கமாக அரைச் சுற்று. மூடினான். சந்து நூல் பிடித்த மாதிரி வந்துவிட்டது. தங்கைக்குக் கோபம் போய்விட்டது. நான் சிங்க்குக்கு அடியில் உள்ள அலமாரியைத் திறந்து, பைப் போகிற ஓட்டைக்குள் கைவிட்டேன். விரலில் மரத்தூள் ஒட்டியது. பலகையில் துளை போட்டுப் பைப்பை நுழைத்துவிட்டு, வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டிருந்தார்கள். பணத்தை நிறுத்தி வைக்க வேண்டிய இடம் அதுதான்.

கீல் விஷயத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இப்போது மாடுலர் கிச்சனில் போடுகிற கீல் பெரும்பாலும் கதவின் உட்பக்கம் 35 மி.மீ வட்டக் குழி தோண்டி உட்கார வைக்கிற வகை. நல்ல கீலில் மூன்று திசைக்கும் சரிசெய்ய வழி உண்டு. ஒரு திருகு கதவை இடம் வலமாக நகர்த்தும். ஒன்று பாக்ஸை, அதாவது கதவு மாட்டியிருக்கிற அலமாரிக் கூட்டை, நோக்கி உள்ளே, வெளியே தள்ளும். இன்னொன்று மேலும் கீழும் ஏற்றி இறக்கும். ஒவ்வொரு பக்கமும் சுமார் இரண்டு மி.மீ நகரும். கதவுகளுக்கு நடுவே இரண்டிலிருந்து மூன்று மி.மீ சந்து, மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்குள் வராத கோணலைத் திருகு தீர்த்து வைக்கும் என்றால் அது கோணலே இல்லை, முடிக்காத வேலை. முடிக்கச் சொன்னால் போதும்.

திருகு முழுவதும் போய் முட்டிக்கொண்ட பிறகும் சந்து நேராகவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது தப்பு கதவில் இல்லை, பாக்ஸில் இருக்கிறது. ஒரு டேப்பை எடுத்து பாக்ஸின் வாயை மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை, பிறகு வலது மேலிருந்து இடது கீழ். இரண்டும் ஒன்றாக இருந்தால் பாக்ஸ் சதுரத்தில் இருக்கிறது. ஒன்றிரண்டு மி.மீ வித்தியாசம் பரவாயில்லை. ஐந்து, ஆறு மி.மீ வந்தால் பாக்ஸ் சாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் பாக்ஸைச் சுவரோடு சேர்த்து இறுக்கும்போது இது நடக்கும். நம் ஊரில் எந்தச் சுவரும் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பதில்லை. பூச்சு ஒரு இடத்தில் வீங்கியும் ஒரு இடத்தில் பள்ளமாகவும்தான் இருக்கும். விவரமானவர்கள் பாக்ஸை ரசமட்டம் வைத்து நிறுத்தி, சுவருக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஆப்பு வைத்து, பிறகுதான் திருகுவார்கள். அவசரக்காரர்கள் சுவர் இழுத்த இழுப்புக்குப் பாக்ஸை வளைத்து முறுக்கிவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது.

கதவே வளைந்திருப்பதும் உண்டு. அதற்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கதவின் நீள ஓரத்தை மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். தச்சர்கள் மரத்தை இழைக்கும்போது பார்ப்பார்களே, அதே பார்வை. பலகையின் வெளிப்பக்கம் மட்டும் லாமினேட் ஒட்டி, உள்பக்கம் பெயின்ட் அடித்தோ வெறுமனேயோ விட்டால், இரண்டு பக்கமும் ஈரத்தை வேறு வேறு அளவில் குடித்துப் பலகை வளைந்துவிடும். ஆளுயரக் கதவுகளில் இது சீக்கிரம் தெரியும். வெளியே 1 மி.மீ, உள்ளே 0.8 மி.மீ என்று இரண்டு முகத்திலும் ஷீட் ஒட்டியிருக்க வேண்டும் என்பது அழகுக்காக அல்ல. வளைந்த கதவை எந்தத் திருகும் நிமிர்த்தாது, மாற்றித்தான் கொடுக்க வேண்டும். உயரமான கதவுக்குக் கீல் எண்ணிக்கையும் கூட வேண்டும். மூன்றடிவரை இரண்டு, ஐந்தடி சொச்சம்வரை மூன்று, அதற்கும் மேலே ஆறரை அடிவரை நான்கு என்பது பொதுவான கணக்கு. பலகை கனமாக இருந்தால் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

கீல் திருகியிருக்கிற இடத்தை உற்றுப் பாருங்கள். தப்பான இடத்தில் துளை போட்டு, அதைவிட்டு அரை அங்குலம் தள்ளி இன்னொரு துளை போட்டிருக்கிறார்களா? பழைய துளையில் தீக்குச்சியைச் செருகி, ஃபெவிகால் தடவி, அதிலேயே மறுபடி திருகியிருக்கிறார்களா? பிளைவுட்டில் இது கொஞ்ச நாள் தாங்கும். பார்ட்டிகிள் போர்டில் தாங்கவே தாங்காது, கீல் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஃபேக்டரியில் செய்த பாக்ஸில் முன் ஓரத்திலிருந்து 37 மி.மீ தள்ளி, 32 மி.மீக்கு ஒன்றாக வரிசையாகத் துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தட்டு வைக்கிற பின்னும் கீலின் அடித்தகடும் எல்லாம் அந்த வரிசையில் உட்காரும்படி செய்தவை. அந்த வரிசையை விட்டு வெளியே புதிதாகத் துளை தெரிந்தால், ஏன் என்று கேளுங்கள். சில சமயம் நியாயமான காரணம் இருக்கும்.

இனி தரைக்கு வருவோம். கீழே ஓடுகிற ஸ்கர்ட்டிங் பலகை கிளிப்பில்தான் மாட்டியிருக்கும், இழுத்தால் வந்துவிடும். இழுத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வெட்டிய பலகைத் துண்டு, மரத்தூள், பீடித்துண்டு, உடைந்த டைல், இவை எல்லாவற்றையும் கூட்டி அங்கேதான் தள்ளியிருப்பார்கள். மரத்துண்டும் ஈரமும் இருட்டும் சேர்ந்தால் கரையானுக்கும் கரப்பானுக்கும் வேறு அழைப்பு வேண்டாம். அவர்கள் போவதற்குள் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு கால்கள். நாலு அங்குல உயரப் பிளாஸ்டிக் கால்கள், திருகினால் ஏறி இறங்கும். ஒவ்வொரு காலையும் விரலால் திருப்பிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் அந்தக் கால் தரையில் ஊன்றவில்லை, பாரம் பக்கத்துக் கால்களில் நிற்கிறது. காலே வைக்காமல் பிளைவுட் துண்டுகளை அடுக்கி அதன்மேல் பாக்ஸை நிறுத்தியிருந்தால், அதை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். நாம் வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். அந்தத் துண்டு குடிக்கிற ஒவ்வொரு சொட்டும் பாக்ஸுக்குப் போகும்.

கால் ஊன்றாததில் இன்னொரு ஆபத்து, மேலே உட்காருகிற கல். பத்தடி நீளம், இரண்டடி அகலம், 20 மி.மீ கனம் உள்ள கிரானைட் சுமார் நூறு கிலோ வரும். சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய இடத்தில் முன்பக்கம் மூன்று அங்குலப் பட்டைதான் மிஞ்சியிருக்கும். கீழே ஒரு பாக்ஸ் இறங்கினால் கல் அந்தப் பட்டையில்தான் விரிசல் விடும். நம் பக்கத்துப் பழைய முறை வேறு: கடப்பாக் கல்லைத் தடுப்பாக நிறுத்தி, மேடையைக் கட்டி, அதன்மேல் கிரானைட் பதித்து, முன்னால் கதவு மட்டும் மாட்டுவது. அதில் பாரம் கல்லிலேயே இறங்கிவிடுவதால் இந்தக் கவலை இல்லை. சென்னையில் தாழ்வான பகுதியில், தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு நான் இன்றைக்கும் கடப்பா மேடையைத்தான் சொல்வேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வீடுகளில் தண்ணீர் ஏறியது. அப்படி ஏறி, பாக்ஸ் ஊறி வீங்கினால் தூக்கி எறிவதைத் தவிர வழி கிடையாது. கடப்பாவைக் கழுவிவிட்டால் போதும், கதவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மேடைக் கல் பொருத்திய பிறகு, முன் ஓரத்துக்கு அடியில் விரலை வைத்து நெடுகத் தடவிப் பாருங்கள். மெல்லிய காடி ஒன்று கீறியிருக்கிறதா? சன்ஷேடுக்கு அடியில் மழைத்தண்ணீர் சுவருக்கு ஓடாமல் சொட்டிவிட ஒரு காடி விடுவார்கள் அல்லவா, அதே வேலைதான் இங்கேயும். காடி இல்லாவிட்டால், மேடையைத் துடைக்கும்போது வழிகிற தண்ணீர் கல்லின் அடிப்பக்கமாக ஊர்ந்து போய்க் கதவின் தலையில் இறங்கும். கல் கதவைவிட ஒரு அங்குலமாவது முன்னால் நீண்டிருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரைச் சிங்க்குக்குப் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். அங்கேயே பரவி நிற்கலாம், சிங்க் பக்கமாக மெதுவாகப் போகலாம். சுவர்ப்பக்கமோ முன்பக்கமோ ஓடினால் கல் மட்டமில்லை.

ஓரங்கள் பற்றிக் கொஞ்சம் நிறைய சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் ஆயுள் அங்கேதான் தீர்மானமாகிறது. பலகையின் முகத்தில் லாமினேட் இருக்கிறது, அதில் தண்ணீர் பட்டால் துடைத்துவிடலாம். ஓரத்தில் இருப்பது வெறும் பட்டை. அந்தப் பட்டை கதவின் நான்கு பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும். கதவின் அடி ஓரம், யார் கண்ணிலும் படாத அந்த ஓரம், விடுபட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. போன் கேமராவைக் கதவுக்கு அடியில் நீட்டி ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். கீழ்க் கதவுகள், சிங்க் கதவு, பரண் கதவின் மேல் ஓரம், எல்லாவற்றுக்கும் அப்படி எடுங்கள். கதவுக்கு 2 மி.மீ பட்டை, பாக்ஸுக்கு 0.8 மி.மீ என்பது நல்ல வேலையின் அடையாளம். பட்டையும் பலகையும் சேருகிற கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் தண்ணீரும் மாட்டும். மெஷினில் சூடான பசை போட்டு அழுத்திய பட்டையில் நகம் வழுக்கிப் போகும். வீட்டிலேயே வைத்துக் கையால் ஒட்டியதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தூக்கிக்கொண்டிருக்கும். அதற்காக வீட்டில் வைத்துச் செய்கிற ஆசாரி வேலை எல்லாம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. பிளைவுட்டில், நேரம் எடுத்து, ஓரத்துக்கு மரப் பீடிங் அடித்துச் செய்கிற ஆசாரிகளின் வேலை இருபது வருடம் ஆனாலும் அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெட்டிய துளைகளின் ஓரம் இதைவிட முக்கியம். தண்ணீர் பைப், வேஸ்ட் பைப், கேஸ் டியூப், வயர், எது எதற்கோ பலகையில் துளை போடுவார்கள். ஃபேக்டரியில் எவ்வளவு நன்றாகச் செய்து அனுப்பினாலும் இந்தத் துளைகள் உங்கள் வீட்டில்தான் விழுகின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிலிக்கான் தடவி மூடியிருக்க வேண்டும். எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு என்றால் அந்த இடம் ஒரே மழைக்காலத்தில் இட்லி மாதிரி உப்பிவிடும். மடிப்பாக்கத்தில் அந்தத் தம்பியிடம் சிலிக்கான் டியூப் கையிலேயே இருந்தது. கேட்டதும் எல்லாத் துளைக்கும் போட்டுக் கொடுத்தான். "யாரும் இதைக் கேக்க மாட்டாங்கக்கா" என்றான். கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

துளைகளைப் பார்க்கும்போதே சிங்க்கையும் சோதித்துவிடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு ஓரமாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. அடைத்து, விளிம்புவரை நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிட வேண்டும். அந்தப் பாரமும் வேகமும் வந்தால்தான் இணைப்பு ஒழுகுகிறதா என்று தெரியும். முன்கூட்டியே ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்துவிட்டால், ஒரு சொட்டு கசிந்தாலும் பேப்பர் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிள் வால்வு கைக்கு எட்டுகிறதா, பின்பலகையை அவிழ்க்காமல் மூட முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பைப் பிடுங்கிக்கொண்டால் ஆசாரியைக் கூப்பிட முடியாது.

பலகை எந்தத் தரம் என்பதை வேலை முடிந்த பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம், எல்லாம் ஷீட்டுக்கு அடியில் போய்விடும். பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்பது சாதாரண உபயோகத்துக்கானது. அதிலேயே ஈரம் தாங்கும் எம்.ஆர். ரகமும், கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகமும் உண்டு. ஐ.எஸ். 710 என்பதுதான் மெரைன் பிளை, அதன் ஒட்டு 72 மணி நேரம் கொதிநீரில் பிரியாமல் இருக்க வேண்டும். பலகையின் முகத்தில் ஐ.எஸ்.ஐ முத்திரையும் இந்த எண்ணும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். ஷீட் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அது நடக்காமல் போனால், சிங்க் பைப்புக்குப் போட்ட துளையிலிருந்து வெட்டி எடுத்த வட்டத் துண்டைக் குப்பைக்குப் போகவிடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தைப் பாருங்கள்: அடுக்குகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கிறதா? அது தெரிந்த இடத்தில் எந்தத் திருகும் பிடிக்காது. பிறகு ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் விட்டுச் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். மெரைன் என்று விற்ற பலகை அதற்குள்ளேயே இதழ் இதழாகப் பிரிந்தால், பேசுவதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது.

டிராயர்களை வெறுமனே இழுத்துத் தள்ளிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. காலி டிராயர் எல்லாமே சுகமாகத்தான் ஓடும். ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டை உள்ளே வைத்து முழுக்க வெளியே இழுங்கள். முன்பக்கம் தொங்குகிறதா? ஒரு மூலையில் கையை ஊன்றி அழுத்தினால் நெளிகிறதா? மெதுவாக மூடுகிற சேனல், பாரத்தோடும் கடைசி வரை தானே போய் மூட வேண்டும், பாதியில் நின்றால் அது மட்டமாக மாட்டவில்லை. எல் வடிவ மூலையில் ஒரு பக்கத்து டிராயரை இழுத்து, மூடியிருக்கிற மறுபக்கத்து டிராயரின் கைப்பிடியில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் மூலையில் விட வேண்டிய பட்டையை விடாமல் பாக்ஸை ஒட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். இது திருகினால் தீராது. சுவர் ஓரத்து டிராயர் கதவு நிலையில் உரசுவதும் இதே தப்புதான்.

ஸ்டீல் கூடைகளைப் பார்க்கிறவர்கள் பலர் காந்தம் கொண்டுவருகிறார்கள். ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று நம்பிக்கை. 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது என்பது சரி, ஆனால் விலை குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது. ஈரமான தட்டும் டம்ளரும் கவிழ்த்து வைக்கிற கூடையில் 202 என்றால் கம்பி சேருகிற வெல்டிங் புள்ளிகளில் துருப்பிடிக்கும். காந்தத்தைவிட, பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதே உதவும்.

மேல் அலமாரி விழுந்தால் ஆளைக் காயப்படுத்தும், அதனால் இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன். மூன்றடி அலமாரியில் பாத்திரமும் டப்பாவும் அடுக்கினால் நாற்பது, ஐம்பது கிலோ சுலபமாக ஏறிவிடும். அதைத் தாங்குவது எது என்று கேளுங்கள். சுவரில் ஒரு இரும்புப் பட்டையைத் திருகி, பாக்ஸின் இரண்டு மேல் மூலையிலும் உள்ள கொக்கியை அதில் மாட்டுவது நல்ல முறை. பின்பலகை வழியாக நேராகத் திருகியிருந்தால், அந்தத் திருகு 6 மி.மீ பின்பலகையை மட்டும் பிடிக்கிறதா, அல்லது அதற்கு முன்னால் 18 மி.மீ பட்டை ஒன்று வைத்து அதையும் பிடிக்கிறதா என்று பாருங்கள். வெறும் பின்பலகை என்றால் ஒருநாள் திருகுத்தலை அதைக் கிழித்துக்கொண்டு வரும். சுவர் எது என்பதும் முக்கியம். செங்கல் சுவரில் திருகு பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போயிருக்க வேண்டும். இப்போது புது அடுக்குமாடிகளில் வெள்ளைநிற ஏஏசி பிளாக்தான் அதிகம். அது மிருதுவானது, சாதாரண ராவல் பிளக் அதில் பிடிக்காது. அதற்கென்று தனிப் பிளக்கோ, பசை ஊற்றி இறுக்குகிற முறையோ உண்டு. "எந்தப் பிளக் போட்டீங்க?" என்கிற ஒரு கேள்விக்கு மாட்டியவர் தயங்காமல் பதில் சொன்னால் எனக்கு நிம்மதி. அலமாரியின் அடியைப் பிடித்து முன்னால் இழுத்துப் பாருங்கள். சுவருக்கும் அதற்கும் நடுவே மயிரிழை அசைவுகூட வரக்கூடாது.

அடுத்தது சிலிண்டர். 14.2 கிலோ கேஸ், கூடோடு சேர்த்து முப்பது கிலோவை ஒட்டி வரும். அதை வைக்கிற அலமாரிக்கு அடிப்பலகை இருக்கக் கூடாது, சிலிண்டர் தரையில்தான் நிற்க வேண்டும். எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே காற்றுத் துளை அந்தக் கதவின் கீழ்ப்பகுதியிலும் ஸ்கர்ட்டிங்கிலும் இருக்க வேண்டும். அழகு கெடுகிறதென்று அதை மூடிவிடுகிறார்கள், அல்லது மேலே மட்டும் ஒரு ஜன்னல் மாதிரி வைக்கிறார்கள். இரண்டையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். டியூப் பலகையைத் தாண்டுகிற இடத்தில் கூரான ஓரம் உரசக் கூடாது, ரெகுலேட்டருக்குக் கை தடையில்லாமல் போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கையை நீட்டி ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள். புகையிலும் பதற்றத்திலும் அப்படித்தான் தேட வேண்டியிருக்கும்.

சிம்னி பற்றி ஒரு வரி: அடுப்புக்கும் அதற்கும் 26லிருந்து 30 அங்குலம் இடைவெளி, பிளக் பாயின்ட் அலமாரியைக் கழற்றாமல் எட்டுகிற இடத்தில். அவ்வளவுதான்.

இதையெல்லாம் பார்க்கும்போது மாட்டியவர்களிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதும் வேலையைப் பாதிக்கும். பெரும்பாலும் அவர்கள் அளவெடுத்தவரும் இல்லை, பலகையைத் தேர்ந்தெடுத்தவரும் இல்லை. கம்பெனி அனுப்பிய பெட்டிகளை, அன்றைக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில், மட்டமில்லாத தரையில் நிறுத்துகிறவர்கள். பாக்ஸ் சாய்வதும் ஓரம் விடுபடுவதும் பாதிக்குப் பாதி அந்த அவசரத்தால்தான். வேலை நடக்கிற இரண்டாம் நாளே, கல் ஏற்றுவதற்கு முன்னால் போய், ரசமட்டத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள். கல் ஏறிய பிறகு கால்களைத் திருகிப் பாக்ஸை மட்டத்துக்குக் கொண்டுவருவது கஷ்டம். பலகைத் தரம், ஒட்டு ரகம் பற்றிய கேள்வியைக் கம்பெனிக்காரரிடம் கேளுங்கள், அந்தத் தம்பியிடம் அல்ல.

கடைசித் தவணை கொடுக்கும்போது பில்லில் பலகையின் ஐ.எஸ். எண், லாமினேட்டின் பெயரும் நிற எண்ணும், கீல் மற்றும் சேனலின் பிராண்டும் மாடலும் எழுதியிருக்கட்டும். மிஞ்சிய பட்டையில் ஒரு சுருளையும், இரண்டு கீலையும் கேட்டு வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள், அதே நிறம் ஐந்து வருடம் கழித்துக் கிடைக்காது. பாத்திரம் அடுக்கிப் பாரம் ஏறியதும் கதவுகள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எனவே மூன்று மாதம் கழித்து ஒருமுறை இலவசமாக வந்து எல்லாக் கீலையும் சேனலையும் சரிசெய்து தருவதாக அதே பில்லில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். வர மறந்தாலும் பரவாயில்லை. மூன்று திருகு எது எதற்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும். சிங்க் அலமாரிக்குள் முதல் ஒரு மாதம் செய்தித்தாள் விரித்து வைத்து, வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கறை இருந்தால் அன்றைக்கே போன் போடுங்கள்.